தபேலாக்காரரைப் படம் பிடித்த பெண்ணும் நம்ம ஊர்ச் சித்திர சபையும்



செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைப் பற்றி முன்பு நான் எழுதிய பதிவின் கீழே, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "டீச்சர், கிட்டப்பா பாடிய ரெக்கார்டு கிடைக்கிறது. ஆனால் அவர் பாடும்போது எடுத்த போட்டோ ஏன் கிடைக்கவில்லை? எல்லாமே போஸ் கொடுத்த படமாக இருக்கிறதே?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் போட்டால் போதாது என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகப் போகும். காப்பியோ டீயோ கையில் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

கிட்டப்பா 1906-இல் பிறந்தார், 1933-இல் இறந்தார். இருபத்தேழு வயதுதான். அவர் மேடையில் கொடிகட்டிப் பறந்த 1920களில் கேமரா என்பது தூக்கிக்கொண்டு ஓடும் சாமான் இல்லை. பெரிய மரப்பெட்டி, முக்காலி, தலைக்கு மேலே கறுப்புத் துணி, உள்ளே கண்ணாடித் தகடு. நாடகக் கொட்டகையின் விளக்கு வெளிச்சத்தில், தலையை ஆட்டிப் பாடுகிற மனிதரை அந்தத் தகட்டில் பிடித்தால் முகம் இருக்கும் இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஒன்றுதான் விழும். அதனால் பாடகர் ஸ்டூடியோவுக்குப் போனார். பின்னால் தூணும் திரைச்சீலையும் வரைந்த துணி, பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன் மேல் பூச்சாடி. "அசையாதீங்க" என்று சொன்னதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாடுகிறவர் மூச்சைப் பிடித்து நின்ற படம்தான் நமக்கு மிஞ்சியது.

அதற்கும் முந்திய கதையைப் பாருங்கள். போட்டோ எடுக்கும் முறையைப் பாரிசில் உலகுக்கு அறிவித்தது 1839-இல். அதற்கு முன்பே சியாமா சாஸ்திரி 1827-இலும் முத்துசாமி தீட்சிதர் 1835-இலும் காலமாகிவிட்டார்கள். தியாகராஜர் 1847 வரை இருந்தார், ஆனால் கேமரா திருவையாற்றுக்கு வந்து சேரவில்லை. இன்று எல்லா சபாக்களிலும் பஜனை மடங்களிலும் மாலை போட்டு வைத்திருக்கும் மும்மூர்த்திகள் முகம் ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம் தன் மனதில் கண்டு வரைந்தது. 1940களில் வரைந்தார். இன்றைக்கு அதுதான் அவர்கள் முகம் என்றே ஆகிவிட்டது. ஒரு படம் எவ்வளவு பெரிய வேலை செய்கிறது பாருங்கள்.

சட்டைப்பையில் அடங்கும் 35 மில்லிமீட்டர் கேமராவும், குறைந்த வெளிச்சத்திலும் பதியும் பிலிமும் வந்த பிறகுதான் கச்சேரி நடக்கும்போதே, பாடகர் முகம் மாறுகிற அந்த நொடியிலேயே பிடிக்க முடிந்தது. அதற்கென்றே சிலர் வாழ்நாளைக் கொடுத்தார்கள். டெல்லியில் அவினாஷ் பஸ்ரீச்சா, 'ஸ்பான்' பத்திரிகையின் புகைப்பட ஆசிரியராக இருந்துகொண்டே பல பத்தாண்டுகள் இசைக்காரர்களையும் நடனக்காரர்களையும் எடுத்தார். ரகு ராய் எடுத்த இசை மேதைகளின் படங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. ஆனால் நான் இன்று சொல்லப்போவது தயானிதா சிங் என்ற பெண்மணியைப் பற்றி. காரணம், படம் எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. எடுத்த படத்தை எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது, யார் பார்ப்பது என்ற கேள்வியோடு நாற்பது வருடம் மல்லுக்கட்டியவர்.

தயானிதா 1961-இல் டெல்லியில் பிறந்தவர். அம்மா நோனி சிங்குக்கும் போட்டோ எடுக்கும் பழக்கம் உண்டு. குடும்பப் படங்களாக எடுத்துக் குவித்தவர். மகள் 1980-இல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படிக்கச் சேர்ந்தார். அங்கே வகுப்பு வேலையாகப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். ஊரில் ஜாகிர் உசேன் கச்சேரி. (பழைய ஜனாதிபதி ஜாகிர் உசேன் இல்லை, பிள்ளைகளா. இவர் தபேலா மேதை, அல்லா ரக்காவின் மகன்.) கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார். படம் எடுக்கக் கூடாது என்று நிகழ்ச்சி நடத்துபவர்கள் தடுத்தார்கள். தள்ளுமுள்ளில் அத்தனை பேர் முன்னால் கீழே விழுந்தார்.

இருபது வயதை ஒட்டிய பெண், நிறைந்த சபையில் விழுந்தால் என்ன செய்யும்? வீட்டுக்குப் போய் அழும். இவர் போகவில்லை. கச்சேரி முடியும் வரை வெளியே காத்திருந்தார். ஜாகிர் உசேன் வந்ததும், இன்றைக்கு நான் மாணவி, ஒரு நாள் பெரிய போட்டோகிராபர் ஆவேன், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் நேருக்கு நேராகச் சொன்னார். இதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கோபப்பட வேண்டிய மனிதர் கோபப்படவில்லை. வந்து எடுத்துக்கொள் என்று இடம் கொடுத்தார். ஜாகிருக்கு அப்போது முப்பது வயதுதான் இருக்கும். அதற்குள் உலகம் சுற்றி, 'சக்தி' குழுவில் நம் விக்கு விநாயக்ராம் கடத்தோடு தபேலா சேர்த்து வாசித்து, பெரிய பேர் எடுத்திருந்தார். 2024-இல் அதே 'சக்தி' கிராமி விருது வாங்கியபோது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் அதில் இருந்தார்.

அந்த ஒரு நாள் ஆறு குளிர்காலமாக நீண்டது. வடக்கே நமக்கு மார்கழி போல, குளிர்காலம்தான் கச்சேரிக் காலம். ஊர் ஊராகப் போகும் இசைக்காரர்களோடு இந்தப் பெண்ணும் போனார். மேடையில், மேடைக்குப் பின்னால், பயணத்தில், சாப்பாட்டில், தூக்கத்தில், வீட்டில் என்று எல்லா நேரமும் எடுத்தார். அதைவிட முக்கியம், சாதகம் என்றால் என்ன என்று பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒரே போலை எத்தனை தடவை வாசிக்கிறார்கள், எத்தனை மணி நேரம் வாசிக்கிறார்கள், கைதட்டல் இல்லாத இடத்தில் எப்படி வாசிக்கிறார்கள் என்பதையெல்லாம். தன் முதல் குரு ஜாகிர்தான், போட்டோ கற்றுக்கொடுத்தவரும் ஒரு வகையில் அவர்தான் என்று தயானிதா சொல்வார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. நாற்பது பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு, தபேலாவில் இருந்து கேமரா கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்தப் படங்களை வைத்து மாணவியாக இருந்தபோதே கையால் வெட்டி ஒட்டி ஒரு மாதிரிப் புத்தகம் செய்தார். அது 1986-இல் 'ஜாகிர் உசேன்' என்ற பெயரில் அச்சாகி வந்தது. அவருடைய முதல் புத்தகம்.

இப்போது கேலரி விஷயத்துக்கு வருகிறேன். நம்மில் பலருக்குக் கேலரி என்றால் செல்போனில் போட்டோ இருக்கும் இடம். நான் சொல்வது ஓவியமும் போட்டோவும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி, விளக்குப் போட்டு, பார்க்க வருபவர்களுக்குக் காட்டி, விற்கவும் செய்கிற கூடம். ஓவியம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், அதனால் விலை. போட்டோ அப்படி இல்லை. ஒரு நெகட்டிவ்வில் இருந்து ஆயிரம் பிரதி போடலாம். பிறகு யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால் கேலரிக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கு ஐந்தோ ஏழோ பிரதிதான் போடுவது, ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கையெழுத்துப் போடுவது, அதற்கு மேல் போடுவதில்லை என்று வாக்குக் கொடுப்பது. நிறைய இருக்கக்கூடிய ஒன்றை வேண்டுமென்றே குறைவாக்கி மதிப்பு உண்டாக்குகிறார்கள். தப்பு என்று சொல்லவில்லை, கலைஞனும் சாப்பிட வேண்டும். ஆனால் அதன் பலனாக அந்தப் படம் யாரோ ஒரு பணக்காரர் வரவேற்பறைக்குப் போய்விடும். அல்லது அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் பத்து வருடம் இருட்டில் கிடக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேலரி இல்லை என்றால் வெளியே தெரியாமலே போயிருக்கும் படங்கள் எத்தனையோ. அமெரிக்காவில் ஹெர்மன் லெனார்ட் என்று ஒருவர். 1940களின் கடைசியில் நியூயார்க் ஜாஸ் கிளப்புகளில் டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல், உள்ளே விட்டால் போட்டோ எடுத்துத் தருகிறேன் என்று பேசி நுழைந்தவர். பின்னாலிருந்து விளக்கடித்து, சிகரெட் புகை சுருள் சுருளாகத் தெரிய அவர் எடுத்த படங்கள் இன்று ஜாஸ் என்றாலே கண்முன் வருபவை. ஆனால் அந்த நெகட்டிவ்கள் பல பத்தாண்டுகள் பெட்டியில் கிடந்தன. 1988-இல் லண்டனில் ஒரு சின்ன கேலரி துணிந்து கண்காட்சி வைத்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது! என் வயதுக்காரர்கள் கவனிக்கவும். பிற்பாடு நியூ ஆர்லியன்சில் குடியிருந்தபோது, 2005-இல் கத்ரீனா புயல் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்து சுமார் 8000 பிரிண்டுகளை அழித்துவிட்டது. நெகட்டிவ்களை அங்குள்ள ஓர் அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் கொடுத்து வைத்திருந்ததால் அவை மட்டும் தப்பின. இந்தப் புயல் விஷயத்தை மனதில் வையுங்கள், பின்னால் நம்ம ஊர்ச் சாரலுக்கு வரும்போது வேண்டும்.

நம் நாட்டு ரகு ராய்க்கும் வாசல் திறந்தது பாரிசில் உள்ள ஒரு கேலரிதான். அங்கே அவர் படங்களைப் பார்த்த கார்த்தியே பிரெஸோன் என்ற பிரெஞ்சு மேதை, 1977-இல் அவரை மேக்னம் என்ற உலகப் புகழ்பெற்ற அமைப்புக்கு முன்மொழிந்தார். ஆக, சுவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

தயானிதாவுக்கும் சுவர் நிறையக் கொடுத்திருக்கிறது. கொஞ்ச காலம் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இந்தியாவின் வறுமையைப் படம் எடுத்துக் கொடுத்தார். பிறகு அது பிடிக்காமல் விட்டார். பெர்லின், லண்டன், சிகாகோ என்று பெரிய கூடங்களில் எல்லாம் அவர் படங்கள் வந்தன. ஆனால் சட்டத்துக்குள் அடைத்து ஆணியில் மாட்டிய படம் அவருக்கு நிறைவு தரவில்லை. ஒரு தடவை மாட்டினால் கண்காட்சி முடியும் வரை அதே வரிசை, அதே அர்த்தம். இசைக்காரர்களோடு ஆறு வருடம் சுற்றியவர் அல்லவா? ஒரே ராகத்தை நேற்றுப் பாடியது போல இன்று பாடாத மனிதர்களைப் பார்த்துப் பழகிய கண். படத்துக்கும் அந்தச் சுதந்திரம் வேண்டும் என்று நினைத்திருப்பார் என்பது என் ஊகம்.

அவர் செய்ததைச் சொல்கிறேன். 2008-இல் விசிறி மடிப்பாக விரியும் ஏழு சின்னஞ்சிறு புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வெளியிட்டார். விரித்து நிறுத்தினால் மேசை மேலேயே ஒரு கண்காட்சி. அதை எங்கே காட்சிக்கு வைத்தார் தெரியுமா? கொல்கத்தா பார்க் தெருவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில்! வளையலும் நெக்லசும் இருக்கும் இடத்தில் போட்டோ. கேலரி வாசலைத் தாண்டப் பயப்படுகிறவர்கள் நகைக்கடை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கத் தயங்க மாட்டார்கள். நம்ம ஊர்ப் பெண்களைக் கேட்டாலே தெரியும்.

அடுத்து 2013-இல் லண்டன் ஹேவர்ட் கேலரியில் 'மியூசியம் பவன்' என்று ஒன்றைக் காட்டினார். ஆள் உயர மரச் சட்டங்கள், கதவு போல மடங்கும், விரியும். ஒவ்வொன்றிலும் எழுபதில் இருந்து நூற்று நாற்பது படம் வரை. சில வெளியே தெரியும், மற்றவை உள்ளே அடுக்கியிருக்கும். எந்தப் படம் வெளியே, எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். கோப்புகளுக்கு ஒரு மியூசியம், தற்செயலுக்கு ஒரு மியூசியம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இதைப் படித்தபோது எனக்குக் கொலுப்படிதான் நினைவுக்கு வந்தது. பரணில் இருந்து இறங்கும் பொம்மைகள் அதே பொம்மைகள். ஆனால் இந்த வருடம் செட்டியாரும் செட்டிச்சியும் மேலே, போன வருடம் கீழே இருந்த தசாவதாரம் நடுவில். வீட்டுக்கு வீடு வேறு, வருடத்துக்கு வருடம் வேறு. நம் ஆச்சிமார்கள் மரப்பெட்டியில் வைத்துக் காத்த கலை இது. பேர்தான் லண்டனில் கிடைத்தது.

பிறகு ஒரு புத்தகத்துக்கு 88 படம், 88 வகை அட்டை என்று செய்தார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு பிரதிக்கு அட்டையாக வரும். அந்தப் புத்தகத்தையே சுவரில் மாட்டினார். தோல் சூட்கேசுகளில் புத்தகங்களை அடுக்கி, சூட்கேசையே மியூசியம் என்றார். எங்கே போனாலும் கண்காட்சி கூடவே போகும். கேலரிக்காரர்கள் ஐந்து பிரதி, ஏழு பிரதி என்று குறைக்கும் இடத்தில், இவர் அச்சு இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் அடித்த புத்தகமும் கலைப்பொருள்தான் என்று நிற்கிறார். 2022-இல் ஸ்வீடனின் ஹாசல்பிளாட் விருது அவருக்குக் கிடைத்தது. போட்டோ உலகில் மிகப் பெரிய விருது அது. இந்தியாவில் இருந்து வாங்கிய முதல் ஆள் இவர்.

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். புத்தகம் எல்லோருக்கும் எட்டும் என்று அவர் சொல்வது அழகுதான். ஆனால் ஜெர்மனியில் அச்சாகிப் பெட்டியில் வரும் புத்தகத்தின் விலை ஓய்வூதியக்காரிக்கு எட்டாது. சுவரில் மாட்டிய படத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாதவனும் நின்று பார்க்கலாம். பார்க்க விட வேண்டும், அவ்வளவுதான்.

அதே 2022-இல் பெர்லினில் உள்ள குரோப்பியஸ் பாவ் கூடத்தில் அவருடைய மொத்த வாழ்நாள் வேலையையும் திரட்டிக் கண்காட்சி வைத்தார்கள். அதில் புதிதாக ஒன்று, 'தம்புரா மியூசியம்'. ஆரம்ப காலத்தில் இசைக்காரர்களோடு அலைந்தபோது எடுத்த படங்களுக்குத் திரும்பிப் போய், தம்புராவுக்கு என்று ஒரு மியூசியம். எனக்கு இது மனதில் தைத்தது. கச்சேரியில் தம்புரா போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? பாடகருக்குப் பின்னால் சிஷ்யையோ சிஷ்யனோ உட்கார்ந்திருப்பார்கள். அழைப்பிதழில் பெயர் இருக்காது. கைதட்டல் கிடையாது. அந்தச் சுருதி நின்றால் கச்சேரி நின்றுவிடும். பத்திரிகை போட்டோக்காரர் அவர்களை வெட்டிவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். வகுப்பில் கடைசி பெஞ்சில் சத்தமில்லாமல் உட்கார்ந்து நூற்றுக்கு ஐம்பது வாங்கிப் போன பிள்ளைகள் முகம் எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

2019-இல், அந்த மாணவப் பருவத்து வெட்டி ஒட்டிய மாதிரிப் புத்தகத்தை அப்படியே அச்சு மாறாமல் மறுபடி வெளியிட்டார். முப்பத்து மூன்று வருடம் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் சான்பிரான்சிஸ்கோவில் காலமானார், வயது 73. பேரும் புகழும் ஏறிய பிறகு எடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். முப்பது வயது ஜாகிரை அவர் வீட்டில், பயணத்தில், இத்தனை கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்றால் கீழே விழுந்து எழுந்த அந்த மாணவியின் நெகட்டிவ்தான் கதி.

இனி நம்ம ஊர்.

குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்கள் மெயின் அருவி, ஐந்தருவி, பரோட்டா, நேந்திரங்காய் சிப்ஸ் என்று போய்விடுகிறார்கள். குற்றாலநாதர் கோயிலில் இருந்து சற்றுத் தள்ளி, முன்னால் தெப்பக்குளத்தோடு தனியாக நிற்கும் சித்திர சபைக்குப் போகிறவர்கள் குறைவு. நடராசரின் ஐந்து சபைகளை நான்காம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: திருவாலங்காடு ரத்தின சபை, சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை, திருநெல்வேலி தாமிர சபை, குற்றாலம் சித்திர சபை. மற்ற சபைகளில் ஆடுபவர் திருமேனி. இங்கே மட்டும் ஓவியம். படத்துக்குத்தான் தீபாராதனை. சுற்றிச் சுவரெங்கும் மூலிகை வண்ணத்தில் புராணக் காட்சிகள். சிவன் ஆடினால் திருமால் மத்தளமும் பிரமன் தாளமும் நந்தி குடமுழாவும் என்று பக்கவாத்தியத்தோடுதான் நம் ஆட்கள் வரைவார்கள், செதுக்குவார்கள். பக்கவாத்தியக்காரரை வெட்டும் பழக்கம் நம் மரபில் கிடையாது!

உலகில் எங்கெங்கோ கேலரி என்று பேசுகிறோம். இசையையும் ஆட்டத்தையும் படமாக வைத்து, அந்தப் படத்துக்கென்றே ஒரு கட்டடம் கட்டி, காசில்லாமல் யாரும் வந்து பார்க்க வைத்தது நம் ஊர். அந்தச் சுவரைச் சூட்கேசில் தூக்க முடியாது, வரிசை மாற்ற முடியாது. பார்க்க வேண்டும் என்றால் நீங்கள்தான் வர வேண்டும். அதுவும் ஒரு பலம். பலவீனமும் அதேதான். புகையும் ஈரமும், சுவரில் பெயர் கிறுக்கும் வீரர்களும் வந்தால் அதனால் எழுந்து ஓட முடியாது.

ஆனால் மனுச இசைக்காரர்களுக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்? காருகுறிச்சி அருணாசலம் இங்கிருந்து எத்தனை தூரம்? 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்தார். 'கொஞ்சும் சலங்கை'யில் ஜானகி அம்மாவின் குரலோடு அவர் நாகசுரம் போட்டியிட்டதை இன்றும் கல்யாண வீட்டில் போடுகிறார்கள். நம் பக்கத்துக் கல்யாணங்களில், கோயில் கொடைகளில் அவரைப் போன்றவர்கள் வாசித்த இரவுகளுக்குக் கணக்கு உண்டா? கூடவே தவில்காரர், ஒத்து ஊதியவர், வில்லுப்பாட்டுக்காரர், நையாண்டி மேளக்காரர், கரகம் ஆடிய பெண்கள். அத்தனை பேரையும் யாரோ ஒரு கல்யாண போட்டோக்காரர் எடுத்திருக்கிறார். மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் ஓரத்தில், கன்னம் உப்பி, பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்பார்கள்.

அந்தப் படங்களுக்கு நேர்ந்ததையும் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பழைய ஸ்டூடியோ இருந்தது, பெயர் வேண்டாம். பள்ளியில் வருடா வருடம் குரூப் போட்டோ எடுக்க வருவார்கள். டிஜிட்டல் வந்து தொழில் படுத்ததும் கடையைக் காலி செய்தார்கள். கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிச் சாமி படச் சட்டத்துக்குப் போட்டார்கள். பிலிம் நெகட்டிவ்களைச் சாக்கு மூட்டையில் கட்டி, வெள்ளி எடுக்கும் ஆட்களிடம் எடைக்குப் போட்டார்கள். உங்களில் பலர் ட்ரவுசர் போட்டு, எண்ணெய் வழிந்த தலையோடு நின்ற படமும் அந்த மூட்டையில்தான் போயிற்று. கேட்டதற்கு, "டீச்சர், இதை வச்சு என்ன செய்ய?" என்றார்கள். பதில் சொல்ல என்னிடம் இடமும் இல்லை, காசும் இல்லை.

தப்பித்தவற்றைச் சாரல் பார்த்துக்கொள்கிறது. ஆனியில் தொடங்கிப் புரட்டாசி வரை நமக்குச் சுகம், போட்டோவுக்கு எமன். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஈரம் இறங்கினால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பீரோவுக்குள் வைத்த நெகட்டிவ்வில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படரும். லெனார்டுக்கு ஒரே இரவில் புயல் செய்ததை நமக்கு முப்பது சாரல் சேர்ந்து மெதுவாகச் செய்கிறது.

வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிடித்து டிஜிட்டல் பிரதி எடுத்திருக்கிறார்கள். சென்னையில் 1994 முதல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் தனி ஆளாகச் சேர்த்த புத்தகமும் நோட்டீசும் வளர்ந்து ஆன நூலகம் அது. ஆனால் புதுச்சேரியும் சென்னையும் நம் வீட்டுப் பரணுக்கு வந்து தேட முடியாது. தென்காசி 2019-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழாவுக்குப் பூக்களை வைத்துக் கண்காட்சி நடத்துகிறார்கள், சந்தோஷம். அதே விழாவில் ஒரே ஒரு கூடத்தில், நம் மாவட்டத்து நாகசுர, தவில், வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் படங்களை ஐம்பது மாட்டினால் எத்தனை பேர் பார்ப்பார்கள்! அருவிக்குக் குளிக்க வந்தவன் தலை துவட்டிக்கொண்டே பார்த்துவிட்டுப் போவான். நகைக்கடை அலமாரியை விட அது நல்ல இடம்.

அதற்கு முதலில் படம் வேண்டும். ஆகவே ஒரு வேலை தருகிறேன், பழைய வீட்டுப்பாடம் போல. உங்கள் அம்மா அப்பா, பெரியம்மா சித்தப்பா கல்யாண ஆல்பத்தைப் பரணில் இருந்து இறக்குங்கள். மேளக்காரர் தெரியும் படம் எதுவாக இருந்தாலும், ஓரத்தில் பாதி முகம் தெரிந்தாலும், எடுத்து வையுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்து நிழல் விழாத இடத்தில் வைத்து அப்படியே போட்டோ எடுங்கள். ஒட்டும் தாள் உள்ள பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருப்பவற்றை மெதுவாக எடுத்து, வெள்ளைத் தாளில் மடித்து, ஈரம் படாத தகர டப்பாவில் போடுங்கள். படத்தின் பின்பக்கம் பேனாவால் எழுதக் கூடாது, மை மறுபக்கம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால் ஊர், வருடம், யார் வீட்டு விசேஷம் என்று எழுதுங்கள். மேளக்காரர் பெயர் தெரியாது என்றால் வீட்டில் இருக்கும் மூத்தவர்களைக் கேளுங்கள். எண்பது வயது ஆச்சிக்கு மாப்பிள்ளை பெயர் மறந்திருக்கும், நாகசுரம் வாசித்தவர் பெயர் மறந்திருக்காது.

எனக்கு இதுவரை பதினொரு படம் சேர்ந்திருக்கிறது. அதில் நான்கு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் எடுத்த படத்தில், இரண்டு நாகசுரத்துக்குப் பின்னால் ஒத்து ஊதும் ஒரு பையன் நிற்கிறான். பதின்மூன்று, பதினான்கு வயது இருக்கும். கேமராவை நேராகப் பார்க்கிறான். அவன் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.